படத்தின் பின்புறம் எழுதுங்கள்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். ஒரு சிறு வேலை செய்து பாருங்கள்.

பரண் மேல் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். அதில் நாலைந்து பழைய போட்டோக்கள் இருக்கும். ஒன்றைக் கையில் எடுங்கள்.

இது யார்? இது எந்த ஊர்? பக்கத்தில் நிற்கும் நாயின் பெயர் என்ன? படம் எடுத்தவர் யார்?

நாலு கேள்வி. எத்தனை கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் கிடைக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். சில வீடுகளில் அதுவும் கிடைக்காது. படம் இருக்கிறது. படத்தின் கதை போய்விட்டது!

எங்கள் வீட்டுப் பெட்டி

ஊராருக்குப் புத்தி சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பிறந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். அவருடைய பெட்டியில் ஒன்பது கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. எல்லாம் என் மாமா எடுத்தவை. மாமா போட்டோக்காரர் அல்ல. கூட்டாளி ஒருவரிடம் காமிராவை இரவல் வாங்கி, ஆசைக்கு எடுத்த படங்கள் அவை.

ஒரு படத்தில் அம்மா நிற்கிறார். எட்டு வயதிருக்கும். பாவாடை சட்டை. பக்கத்தில் ஒரு நாய். பின்னால் குளம். குளத்துக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். படத்தில் விழுந்த கறை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தார். படத்தைக் காட்டினோம். எழுபத்தைந்து வயது மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மக்கா, அதுக்க பேரு மணி. படம் எடுக்கதுக்கு நிக்க மாட்டேன்னு ஒரே ஓட்டம். உங்க அம்மா கையில கருப்பட்டித் துண்டு இருக்கு பாரு, அதைக் காட்டித்தான் உட்கார வச்சோம். பின்னால தெரியது கறை இல்ல. கொக்கு! சாயந்தரம் ஆனா தாழம்புதர் முழுக்க வந்து அடையும்."

பார்த்தோம். அம்மாவின் மூடிய கைக்குள் ஏதோ இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ முறை பார்த்த படம்! அன்றுதான் அது உயிர் பெற்றது.

மற்ற எட்டுப் படங்களை அடுத்த முறை வரும்போது கேட்கலாம் என்று பெட்டியை மூடி வைத்தோம்.

அடுத்த முறை மாமா வரவில்லை. மறு மாதமே காலமாகிவிட்டார்.

அந்த எட்டுப் படங்களும் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் கடற்கரையில் சிலர் நிற்கிறார்கள். யார் என்று அம்மாவுக்கே நிச்சயமாய்த் தெரியவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் சோம்பலுக்குக் கொடுத்துவிட்டோம்.

பாறை சொல்லும் சேதி

அந்தக் கடற்கரைப் படம் கன்னியாகுமரியில் எடுத்தது. அது மட்டும் தெரிகிறது. எந்த வருஷம்?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கன்னியாகுமரிக் கடலில் உள்ள பாறைகள் ஒரு காலண்டர் போல!

விவேகானந்தர் மண்டபம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பாறை மொட்டையாய் இருந்தால், படம் மண்டப வேலை நடப்பதற்கு முந்தியது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. மண்டபம் இருந்து சிலை இல்லை என்றால், படம் அந்த இரண்டு காலத்துக்கும் நடுவே எடுத்தது. இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. பாலம் தெரிந்தால் அது நேற்றைய படம்.

எங்கள் வீட்டுப் படத்தில் மண்டபம் இருக்கிறது. வள்ளுவர் இல்லை. ஆகவே 1970-க்கும் 2000-க்கும் இடையில் என்று சொல்லலாம்.

முப்பது வருஷ இடைவெளி! ஒரு மனிதனின் பாதி வாழ்நாள். அதற்குள் அது எந்த நாள்? பாறைக்குத் தெரியாது. எடுத்தவருக்குத் தெரியும். அவர் இல்லை.

நம் மாவட்டத்தில் இப்படிப் படத்தின் பின்னணியில் நின்றுகொண்டு காலத்தைக் காட்டும் கட்டடங்கள் பல உண்டு. நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரக் கோபுரம் 1893-ல் திறக்கப்பட்டது. கடற்கரைக் காந்தி மண்டபம் 1956-ல் கட்டி முடிந்தது. மாத்தூர் தொட்டிப் பாலம் 1966-ல் எழுந்தது. கட்டடத்தின் வயது புத்தகத்தில் கிடைக்கும். அதன் முன் நின்ற உங்கள் தாத்தாவின் கதை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

புறா எடுத்த படம்

வேடிக்கைக்கு எடுத்த படத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக மூன்று கதைகள்.

முதல் கதை ஜெர்மனியில் நடந்தது. பிராங்க்பர்ட் நகருக்குப் பக்கத்தில் குரோன்பர்க் என்று ஓர் ஊர். அங்கே ஜூலியஸ் நியூப்ரோன்னர் என்பவர் மருந்துக் கடை வைத்திருந்தார். அவசர மருந்துகளைப் புறாவின் உடலில் கட்டி அனுப்புவது அவர் வழக்கம்.

ஒரு நாள் மூடுபனி. ஒரு புறா வழி தவறிவிட்டது. போனது போனதுதான் என்று இருந்தார். நாலு வாரம் கழித்துப் புறா திரும்பி வந்தது. மெலிந்து வந்ததா? இல்லை! நன்றாகத் தின்று கொழுத்து வந்தது!

இத்தனை நாளும் இது எங்கே விருந்தாடியது? அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று அவருக்கு ஓர் ஆசை. போட்டோப் பிடிப்பதில் அவருக்கு மோகம் உண்டு. புறாவின் மார்பில் கட்டும்படியாக மிகச் சிறிய காமிரா ஒன்றைச் செய்தார். குறித்த நேரத்தில் தானே படம் எடுக்கும் காமிரா அது.

1907-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். புறாவாவது படம் எடுப்பதாவது என்று அதிகாரிகள் நம்பவில்லை. எடுத்த படங்களைச் சான்றோடு காட்டிய பிறகு 1908-ல் உரிமை கொடுத்தார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. வானத்திலிருந்து பார்த்த குரோன்பர்க் மாளிகை. படத்தின் இரு ஓரங்களிலும் கறுப்பாய் ஏதோ தெரிகிறது. அவை புறாவின் சிறகுகள்!

கதை தெரியாதவர் அதைப் பார்த்தால் ஓரம் கெட்டுப்போன படம் என்று ஒதுக்கிவிடுவார். கதை தெரிந்தவருக்கோ அந்தச் சிறகுதான் படமே!

பல் டாக்டரின் ஆட்டம் காணும் படம்

இரண்டாவது கதை இன்னும் உருக்கமானது.

வில்லியம் ரைன் என்பவர் அமெரிக்காவில் பல் டாக்டர். பறவை பார்ப்பதில் பைத்தியம். மெக்சிகோ நாட்டு மலைக் காடுகளில் ராஜ மரங்கொத்தி என்று ஒரு பறவை இருந்தது. உலகத்து மரங்கொத்திகளில் மிகப் பெரியது. இரண்டடி நீளம். அதைத் தேடி அவர் மீண்டும் மீண்டும் போனார்.

1956-ம் ஆண்டு கண்டார். கோவேறு கழுதை மேல் உட்கார்ந்தபடியே கையில் இருந்த சினிமாக் காமிராவால் படம் பிடித்தார். கழுதை அசைகிறது. கை நடுங்குகிறது. படமும் ஆடுகிறது. மொத்தம் 85 விநாடி.

ஊர் திரும்பிப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு மோசமாக இருக்கிறதே, இதை யாரிடம் காட்டுவது என்று வெட்கப்பட்டார். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நாற்பது வருஷம் ஓடியது. 1997-ல் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய கடிதம் ஒன்றின் மூலம் சேதி அறிந்து அவர் வீட்டைத் தேடிப் போனார். படம் வெளியே வந்தது.

அதற்குள் என்ன நடந்திருந்தது தெரியுமா? காடுகள் வெட்டப்பட்டன. ராஜ மரங்கொத்தி கண்ணில் படுவது நின்றுவிட்டது. 1956-க்குப் பிறகு அது உயிரோடு இருந்ததற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பறவை உயிரோடு நடமாடுவதைக் காட்டும் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது பல் டாக்டர் வெட்கப்பட்டு ஒளித்து வைத்த அந்த ஆடும் படம்!

2010-ல் ஆராய்ச்சியாளர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மலைக்கே போனார்கள். எடுத்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பெரிய மரங்கள் இல்லை. பறவையும் இல்லை.

வாசகர்களே! நன்றாக இல்லை என்று நீங்கள் அழிக்கப் போகும் படத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அழகு குறைந்த படம் வேறு. பயன் அற்ற படம் வேறு.

நம் ஊர் மனிதர்

மூன்றாவது கதைக்கு வெளிநாடு போக வேண்டாம். திருநெல்வேலிக்குப் போனால் போதும்.

"பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ.மாதவையாவைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் மகன் மா.கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். கன்னட நாட்டுச் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தபோது புறாத் தபால் கூட நடத்திப் பார்த்தவர்!

பிறகு சென்னைக்கு வந்தார். பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதுவதும் படம் எடுப்பதுமே அவர் வாழ்க்கை ஆயிற்று. விலை உயர்ந்த காமிரா அவரிடம் இல்லை. பல பகுதிகளைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். காட்டு யானைகளை நடந்து சென்றும், பழகிய யானை மேல் ஏறிச் சென்றும் படம் பிடித்தார்.

"ஸ்டேட்ஸ்மன்" என்ற ஆங்கிலப் பத்திரிகையில் 1950-ல் ஒரு தொடர் கட்டுரை தொடங்கினார். 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை, 46 வருஷம், அதை நிறுத்தவில்லை! தமிழிலும் எழுதினார். 1970-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. பார்த்ததை எழுதினார். காக்கையும் அணிலும் கூட அவருக்கு எழுதத் தகுந்தவையாய் இருந்தன. படத்துக்கு எழுத்து துணை. எழுத்துக்குப் படம் துணை. அதனால்தான் இன்றும் அவரை வாசிக்கிறோம்.

"போனே தேதி போடுகிறதே?"

அது பழங்காலம், இப்போது செல்போனே நாளையும் இடத்தையும் பதிந்து வைக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி.

பதிகிறது என்பது உண்மை. ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால், அந்தக் குறிப்பு படத்தோடு போவதில்லை. சித்தி கைக்குப் போகும்போதே நாளும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. போன் தண்ணீரில் விழுந்தால் படமே போய்விடலாம்.

இன்னொன்று. எடுத்த நாள் போனுக்குத் தெரியும். நாயின் பெயர் தெரியுமா? அது எந்த மழையில் நடுங்கிக்கொண்டு உங்கள் படிப்புரையில் வந்து ஒதுங்கியது என்று தெரியுமா? கையில் கருப்பட்டி இருந்தது தெரியுமா? அதெல்லாம் மனிதன்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பிலிம் ரோலுக்குப் பன்னிரண்டு படம். எண்ணி எண்ணி எடுத்தார்கள். இன்று ஒரு கல்யாணத்துக்கே ஆயிரம் படம். பன்னிரண்டு இருந்தபோது கதையை ஞாபகம் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆயிரத்தை யார் ஞாபகம் வைப்பது? ஆகவே எழுதும் அவசியம் இன்று கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

தேரூர்க் குளத்தின் கணக்கு

இது குடும்ப விஷயம் மட்டும் அல்ல. ஊர் விஷயமும் கூட.

கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சுசீந்திரம் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே வரும். கவிமணி பிறந்த தேரூரில் உள்ள குளமும் அப்படித்தான். சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளை 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் இடங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். புத்தளம், மணக்குடிப் பக்கத்து உப்பளங்களில் பூநாரைகள் இறங்கும்போது பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புத் துணி விரித்தது போல் இருக்கும்.

எந்தப் பறவை எந்த மாதம் வந்தது? சென்ற ஆண்டைவிட முன்பா, பின்பா? கூடியதா, குறைந்ததா? இதற்கெல்லாம் கணக்கு வேண்டும். அறிஞர்கள் எல்லா நாளும் எல்லாக் குளத்துக் கரையிலும் நிற்க முடியாது. மாடு மேய்க்கிறவர் நிற்கிறார். பள்ளிக்கூடம் போகும் பையன் நிற்கிறான். அவர்கள் கையில் போன் இருக்கிறது.

தேதியும் குளத்தின் பெயரும் எழுதிய ஒரு மங்கலான படம் அந்தக் கணக்கில் சேரும். தேதி இல்லாத அழகான படம் சுவரில் மாட்டத்தான் உதவும். பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். ஆசை உள்ளவர் யாரும் சேரலாம். வரும் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போங்கள்.

கூட்டை விட்டுவிடுங்கள்!

படம் எடுங்கள் என்று சொல்லும் நான், ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பறவையின் கூட்டை நெருங்கிப் படம் எடுக்காதீர்கள்!

ஏன்? ஆள் நெருங்கினால் தாய்ப் பறவை பறந்துவிடும். முட்டை வெயிலில் காயும். மறைத்த கிளையை நீங்கள் விலக்கினால் காக்கைக்கு வழி தெரிந்துவிடும். நீங்கள் படத்தோடு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பறவை குஞ்சை இழந்து நிற்கும்.

இங்கிலாந்தில் கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். 1892-ல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படம் எடுத்துப் புகழ் பெற்றவர்கள். பறவை மிரளக் கூடாது என்பதற்காக மாட்டுத் தோலால் பொய் மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தார்களாம்! இன்று பறவை ஆர்வலர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், கூட்டுப் படமே வேண்டாம் என்கிறார்கள். அதுதான் சரி.

நாய்க்குட்டியின் தலையில் தொப்பி மாட்டி, அது திமிறத் திமிறப் படம் எடுப்பதும் இந்த வகைதான். பின்னால் எழுத வெட்கப்படும்படி ஒரு கதை இருந்தால், அந்தப் படத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஐந்து வரி போதும்

என்ன எழுதுவது? ஐந்தே வரிதான்.

எடுத்த நாள். எடுத்த இடம். படத்தில் உள்ளவர்களின் பெயர், நாய், பூனையின் பெயர் உட்பட. எடுத்தவர் பெயர். அப்போது நடந்த ஒரு சேதி.

பழைய படமானால் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரிந்துவிடும். போனில் உள்ள படமானால் மாதத்துக்குப் பத்துப் படம் மட்டும் பொறுக்கி எடுங்கள். அச்சுப் போட்டு நோட்டில் ஒட்டி, கீழே எழுதுங்கள். இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கியபோது மணக்குடிப் பாலமே தூக்கி எறியப்பட்டது. பாலமே போகும்போது ஒரு போட்டோ ஆல்பம் எம்மாத்திரம்? ஒரே வீட்டில் இருப்பது ஒரே அலையில் போய்விடும்.

பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் இதில் கை கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள், வீட்டுப் பழைய படங்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து கதை சொல்லட்டும். பிரதி எடுத்துக்கொண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பத்து வருஷத்தில் ஊரின் சரித்திரமே சேர்ந்துவிடும். செலவு அதிகம் இல்லை. மனம்தான் வேண்டும்.

எழுதத் தெரியாத பாட்டி இருக்கிறாரா? அவர் சொல்லட்டும், பேரன் எழுதட்டும். இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியவரா நீங்கள்? பழகிய எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. பிழை வந்தால் வரட்டும். உங்கள் கையெழுத்தையே ஒரு நாள் உங்கள் பேத்தி தடவிப் பார்ப்பாள்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு படத்தின் பின்புறம் இப்போது எழுதியிருக்கிறோம்: "மணி. கையில் கருப்பட்டி. பின்னால் கொக்குகள். எடுத்தவர் மாமா."

மற்ற எட்டும் வெறுமையாய் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் ஒரு மாமா இருப்பார். இன்று மாலையே படத்தோடு அவரிடம் போங்கள். போகும்போது ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்!